‘ஆளைக் காட்டுங்க’: ஆட்கொணர்வு மனு எதைச் செய்யும், எதைச் செய்யாது?

“மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஹேபியஸ் போட்டுட்டா போதுமுங்க. போலீஸே புள்ளையக் கூட்டியாந்து வூட்டுல வுட்டுரும்.” அவிநாசி, திருப்பூர் பக்கம் மகளைத் தேடி அலையும் குடும்பத்தில் ஒரு கட்டத்தில் யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். இதில் பாதி சரி. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால் போலீஸ் தேடிப்பிடித்துக் கூட்டிவரும். ஆனால் கூட்டிவருவது நீதிபதிகள் முன்னால், வீட்டுக்கு அல்ல. அங்கிருந்து அந்தப் பெண் எங்கே போவார் என்பதை, 18 வயது முடிந்திருந்தால், அவர்தான் சொல்ல வேண்டும்.

அவிநாசிக்காரர்களுக்கு இதை விளக்க ஊர்க் கதை ஒன்றே போதும். குளத்தில் குளிக்கப் போன சிறுவனை முதலை விழுங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அந்த வழியாக வந்த சுந்தரர், எதிர்வீட்டில் பூணூல் கல்யாணச் சத்தமும் இந்த வீட்டில் அழுகையும் கேட்டு விசாரித்து, பதிகம் பாடினார். முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது. அதுவும் விழுங்கிய அன்று இருந்த குழந்தையாக அல்ல, இடைப்பட்ட வருடங்களின் வளர்த்தியோடு. தாமரைக்குளக் கரையில் இன்றும் நினைவுகூரப்படும் அந்தக் கதையில் பிள்ளை தாயிடம் போய்ச் சேர்ந்தான். நீதிமன்றம் நடத்தும் கதையில் வளர்ந்து வந்த பிள்ளையிடம், “யாருகூடப் போகணும்?” என்று ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் தாய்க்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆட்கொணர்வு மனு பற்றிய குழப்பம் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது.

நீதிமன்றம் கேட்கும் கேள்வி என்ன?

‘ஹேபியஸ் கார்பஸ்’ என்ற லத்தீன் தொடருக்கு, உடலைக் கொண்டுவந்து காட்டு என்று பொருள். தமிழில் ‘ஆட்கொணர்வு’ என்று வைத்தவர் யாராக இருந்தாலும் மூலத்தைவிட நல்ல சொல்லையே வைத்திருக்கிறார். உடலை அல்ல, ஆளைக் கொணர வேண்டும். இங்கிலாந்தில் 1679ல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்திலும், 32ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்திலும் இந்த மனுவைத் தாக்கல் செய்யலாம். அடைபட்டிருப்பவரே வர வேண்டியதில்லை. பெற்றோர், மனைவி, கணவர், நண்பர் யாரும் அவருக்காக மனு போடலாம். எதிர்மனுதாரர் போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தனிநபர் இன்னொருவரைப் பூட்டி வைத்திருந்தாலும் மனு செல்லும்.

நீதிபதிகள் முன்னால் இருக்கும் கேள்வி மிகச் சிறியது. இந்த ஆள் யாருடைய பிடியில் இருக்கிறார்? அந்தப் பிடிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இவ்வளவுதான். இல்லை என்றால் அந்த இடத்திலேயே விடுதலை. இருக்கிறது என்றால் மனு தள்ளுபடி. காதல் சரியா, கல்யாணம் செல்லுமா, சொத்து யாருக்கு, மாப்பிள்ளை என்ன சாதி, குற்றம் செய்தாரா இல்லையா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்பவை. ஆளை நேரில் நிறுத்துவதுகூட எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை. கனு சன்யால் வழக்கில், காவலில் வைத்தது சட்டப்படியா என்பதை ஆவணங்களை வைத்தே முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973ல் கூறியது. அதனால்தான் தடுப்புக் காவல் வழக்குகளில் சிறையில் இருப்பவரைப் பார்க்காமலேயே தீர்ப்பு வருகிறது.

சேரன் எக்ஸ்பிரஸில் ஒரு வழக்கு

அவிநாசி திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்து மாவட்டங்களான கரூரும் திண்டுக்கல்லும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகின்றன. திருப்பூர், கோவை, ஈரோடு எல்லாம் சென்னைக்குத்தான். 450 கிலோமீட்டருக்கு மேல். கோவையில் உயர் நீதிமன்றக் கிளை வேண்டும் என்று கொங்கு வட்டார வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதற்கு இதுபோன்ற அவசர வழக்குகளும் ஒரு காரணம். ராத்திரி ரயில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, வக்கீலைப் பார்த்து, வழக்கு அழைக்கப்படும்வரை காத்திருந்து, வாய்தா வாங்கித் திரும்புவது பனியன் கம்பெனி சம்பளத்தில் இருக்கும் குடும்பத்துக்குச் சின்னச் செலவல்ல.

அதனால் நேராகச் சென்னைக்கு ஓடுவதற்கு முன் உள்ளூரில் என்ன வழி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. முதலில் காவல் நிலையத்தில் புகார், அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கை. அங்கே கேட்கவில்லை என்றால் டி.எஸ்.பி.யிடமும் மாவட்ட எஸ்.பி.யிடமும் எழுத்து மூலம் புகார். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் குற்றமாகும் விதத்தில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், முதல் வகுப்பு நீதித்துறை நடுவரே தேடுதல் வாரண்ட் பிறப்பித்து அவரை மீட்டுவரச் சொல்லலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 97ஆவது பிரிவாக இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 100ஆவது பிரிவு. மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும்கூட இதே அதிகாரம் உண்டு. முன்பணம் கொடுத்துவிட்டு, வேலையை விட்டுப் போகவிடாமல் தொழிலாளியைப் பிடித்து வைத்திருந்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படியும் வருவாய்த் துறையை நாடலாம். இவை பலிக்காதபோது ஆட்கொணர்வு மனு.

மனுவில் ஒரு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். ‘காணவில்லை’ என்பது மட்டும் போதாது. யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு முகாந்திரம் காட்ட வேண்டும். தொலைந்துபோனவரைத் தேடுவது போலீஸின் அன்றாட வேலை, அதற்கெல்லாம் ஆட்கொணர்வு மனு பொருந்தாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் நோட்டீஸ் போனவுடன் போலீஸ் காட்டும் வேகத்தைப் பார்த்த குடும்பங்கள், வேறு வழியில்லாமல் இதையே நாடுகின்றன. சாதாரணப் புகாருக்கு அந்த வேகத்தில் பாதியாவது இருந்தால் இவற்றில் பல மனுக்களுக்கு அவசியமே இருக்காது.

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் இரண்டு மகள்கள்

கொங்கு மண்டலத்திலிருந்து அண்மைக் காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஆட்கொணர்வு மனு, கோவையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடையது. ஈஷா யோகா மையத்தில் துறவிகளாக இருக்கும் தன் இரண்டு மகள்களும் மூளைச்சலவை செய்யப்பட்டு அங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய புகார். 2024 செப்டம்பர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், வி.சிவஞானம் அமர்வு முன் இரு மகள்களும் நேரில் வந்தார்கள். விருப்பப்பட்டுத்தான் இருக்கிறோம், யாரும் பிடித்து வைக்கவில்லை என்றார்கள்.

கண்டிப்பான பொருளில் பார்த்தால் மனு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அமர்வு அத்துடன் நிறுத்தவில்லை. மையத்தின் மீதுள்ள குற்ற வழக்குகள் எல்லாவற்றையும் திரட்டி அறிக்கை தரும்படி போலீஸுக்கு உத்தரவிட்டது. மறுநாளே பெரும் போலீஸ் படை மையத்துக்குள் விசாரணைக்குச் சென்றது. ஈஷா அறக்கட்டளை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி, மனுவைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. நீதிபதிகள் தங்கள் அறையிலிருந்து காணொலியில் இரு பெண்களிடமும் தனியாகப் பேசினார்கள். அக்டோபர் 18 அன்று மனு முடித்துவைக்கப்பட்டது. அப்போது மகள்களுக்கு வயது 42, 39. மையத்தில் சேர்ந்தபோது 27, 24. சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களின் தாய் தாக்கல் செய்த மனுவிலும் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆட்கொணர்வு மனுவின் எல்லையை இதற்கு மேல் விரிக்கத் தேவையில்லை என்றும், மனுவை முடித்துவைப்பது, சட்ட விதிகளை மையம் கடைப்பிடிக்கிறதா என்று அதிகாரிகள் பார்ப்பதற்குத் தடையாகாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்த வழக்கில் இருதரப்பு ஆதரவாளர்களும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மையத்தின் மீது சொல்லப்பட்ட மற்ற புகார்கள் உண்மையா பொய்யா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. அது கேட்டது இரண்டு பெண்களின் விருப்பத்தை மட்டும். ஒரு தகப்பனின் துயரம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், 40 வயதை ஒட்டிய மகள்களின் பதிலை அது மாற்றாது. மற்ற புகார்களை விசாரிக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு சட்டங்களும் வேறு வழக்குகளும் இருக்கின்றன.

சேலத்துக்கு அனுப்பப்பட்ட மாணவி

நீதிமன்றம் இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாதியா வழக்கு சாட்சி. சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரளப் பெண். மதம் மாறித் திருமணமும் செய்துகொண்டார். தகப்பனாரின் ஆட்கொணர்வு மனுவில் கேரள உயர் நீதிமன்றம் 2017 மே மாதம் அந்தத் திருமணத்தையே செல்லாது என்று அறிவித்து, அவரைப் பெற்றோர் வசம் ஒப்படைத்தது. 24 வயதுப் பெண் மாதக்கணக்கில் பெற்றோர் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தார். ஆளை விடுவிக்கப் பிறந்த மனு, ஆளை அடைத்துவைக்கப் பயன்பட்டது. நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அவரை நேரில் கேட்டது. சுதந்திரம் வேண்டும் என்றார். படிப்பை முடிக்கச் சேலத்துக்கு அனுப்பினார்கள். 2018 மார்ச் 8 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்தாகி, திருமணம் செல்லும் என்றானது. திருமணத்தை ரத்து செய்வது ஆட்கொணர்வு மனுவின் வேலையே அல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு இன்னொரு கேரள வழக்கில், மணமகனுக்கு 21 வயது ஆகவில்லை என்பதற்காக 18 வயது முடிந்த பெண்ணைத் தகப்பனிடம் அனுப்பியதும் தவறு என்றது உச்ச நீதிமன்றம். இருவரும் வயதுவந்தவர்கள், திருமணத்தில் குறை இருந்தாலும் சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்பது காரணம்.

18 வயது ஆகாதவர் என்றால் கதையே வேறு. அங்கே விருப்பம் மட்டும் போதாது, நலனும் பார்க்கப்படும். பெற்றோரிடமோ காப்பகத்துக்கோ அனுப்புவார்கள். உடன் சென்றவர் மீது போக்சோ வழக்கு வரும். அதனால் இந்த மனுக்களில் முதலில் மேசைக்கு வருவது பள்ளிச் சான்றிதழ். சில மாத வித்தியாசத்தில் ஒருவருடைய வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும்.

‘இஷ்டப்பட்டுத்தான் சொல்றியாம்மா?’

நீதிமன்றக் கூடத்தில் ஒரு பக்கம் அம்மா அழுகிறார். இன்னொரு பக்கம் கணவர் நிற்கிறார். வெளியே இரண்டு சாதிச் சனமும் காத்திருக்கிறது. முந்தின நாள் ராத்திரி முழுக்கப் பெண் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தார் என்று நீதிபதிக்குத் தெரியாது. இந்த நிலையில் அவர் சொல்லும் ஒரு வரி, எந்த அளவுக்கு அவருடைய வரி?

தருமபுரி இளவரசன் வழக்கைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2012ல் நடந்த சாதி மறுப்புத் திருமணம். பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து அந்த நவம்பரில் நாய்க்கன்கொட்டாய் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. பெண்ணின் தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்திருந்தார். 2013 ஜூனில் பெண் தாயுடன் போனார். ஜூலை 3 அன்று, இனி கணவரிடம் திரும்பப் போவதில்லை என்று சொன்னார். ஜூலை 4 அன்று ரயில் பாதை ஓரம் இளவரசன் சடலமாகக் கிடந்தார். பெண் சொன்னது பதிவானது, சட்டப்படி எல்லாம் முறையாகவே நடந்தது. ஒரு மனு, இத்தனை வன்முறைக்கு நடுவில் நிற்கும் ஒரு பெண்ணின் மனதை அளக்கும் கருவியாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் அந்த வழக்கு பதில் தரவில்லை.

உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று தேவு ஜி. நாயர் வழக்கில் வகுத்த வழிமுறைகள் இந்தச் சிக்கலைத் தொடுகின்றன. அழைத்துவரப்பட்டவரிடம் நீதிபதிகள் தங்கள் அறையில் தனியாகப் பேச வேண்டும். பெற்றோரோ போலீஸோ அவருடைய பதிலில் செல்வாக்கு செலுத்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பேச வசதியான சூழலை ஏற்படுத்த வேண்டும். பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். ‘கவுன்சலிங்’ என்ற பெயரில் மனதை மாற்ற முயலக் கூடாது. வழக்கை இழுத்தடிக்கக் கூடாது. பாதுகாப்பு கேட்டால் உடனே கொடுக்க வேண்டும். பெண்ணைப் பெற்றோருடன் ஒரு மணி நேரம் பேசவிட்டு, பிறகு முடிவைச் சொல்லச் சொல்லும் பழக்கம் இங்கே நன்றாகத் தெரிந்த ஒன்று. அந்த ஒரு மணி நேரத்தில் பாசமும் பேசும், மிரட்டலும் பேசும். அதனால் இந்த வழிமுறைகளில் மிகவும் முக்கியமானது அந்தக் கவுன்சலிங் தடைதான்.

அரசு பிடித்து வைத்திருந்தால்?

இதுவரை பார்த்தது வீட்டுக்குள் நடப்பது. மனு பிறந்ததோ ராஜாவின் சிறைக்கு எதிராக. கைதான யாரையும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22ஆவது பிரிவு. அதுவே ஒரு சின்ன ஆட்கொணர்வுதான். யாரும் மனு போடாமலேயே போலீஸ் ஆளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கைதைக் கணக்கில் காட்டாமல், ‘விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்’ என்று நாட்கணக்கில் வைத்திருக்கும்போதுதான் ஆட்கொணர்வு மனு அதன் முழு பலத்தோடு வேலை செய்கிறது. நோட்டீஸ் போன அன்றே கைது காட்டப்படுவதும், ஆள் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் வழக்கறிஞர்களுக்குப் பழகிப்போன காட்சி.

நடுவர் ரிமாண்ட் செய்துவிட்டால் இந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். கரூரைச் சேர்ந்த செந்தில் பாலாஜி வழக்கு இதை எல்லோருக்கும் தெரியவைத்தது. அமைச்சராக இருந்த அவரை அமலாக்கத் துறை 2023 ஜூன் 14 அன்று கைது செய்தது. மருத்துவமனைக்கே வந்து சென்னை முதன்மை அமர்வு நீதிபதி அவரை ரிமாண்ட் செய்தார். மனைவி ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ஜூலை 4 அன்று நீதிபதி நிஷா பானு மனுவை ஏற்றார், நீதிபதி பரத சக்கரவர்த்தி தள்ளுபடி செய்தார். மூன்றாவது நீதிபதி சி.வி.கார்த்திகேயன் தள்ளுபடி பக்கம் நின்றார். ஆகஸ்ட் 7 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நீதிபதி ஒருவர் பிறப்பித்த ரிமாண்ட் உத்தரவைப் பொதுவாக ஆட்கொணர்வு மனுவில் எதிர்க்க முடியாது, அதற்குச் சட்டம் தரும் மற்ற வழிகளையே நாட வேண்டும் என்பது தீர்ப்பு. கட்டாய விதிகளை மீறி, யோசனையே இல்லாமல் ரிமாண்ட் செய்திருந்தால் மட்டும் விதிவிலக்கு இருக்கலாம்.

அப்படியென்றால் உயர் நீதிமன்றத்தில் இவ்வளவு ஆட்கொணர்வு மனுக்கள் ஏன்? விடை, குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி என்று தொடங்கி, பின்னாளில் திருட்டு விசிடி, மணல் கடத்தல், இணையக் குற்றம், பாலியல் குற்றம் வரை நீண்டது. அவிநாசி காவல் நிலைய வழக்கு என்றால் உத்தரவில் கையெழுத்திடுபவர் திருப்பூர் மாவட்ட ஆட்சியர். திருப்பூர் மாநகர எல்லை என்றால் மாநகரக் காவல் ஆணையர். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது, 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். பெரும்பாலும் ஏற்கெனவே சிறையில் இருப்பவர் கையில்தான் இந்த உத்தரவைக் கொடுப்பார்கள். ஜாமீனில் வெளியே வந்துவிடுவார் என்பது காரணம்.

சட்டத்திலேயே சில கெடுக்கள் உண்டு. காரணங்களை 5 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். மாநில அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழு முன் வைக்க வேண்டும். குழு, காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குழு முன் வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை. ஆக, காவலில் இருப்பவருக்கு மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றமும் ஆட்கொணர்வு மனுவும்தான்.

அங்கே உத்தரவுகள் ரத்தாவது அடிக்கடி நடக்கிறது. கொடுத்த நகல் படிக்க முடியவில்லை, தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு தரவில்லை, கோரிக்கை மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், ஜாமீன் கிடைக்கும் என்று அதிகாரி முடிவுக்கு வர ஆதாரம் இல்லை. இந்தக் கடைசிக் காரணத்தைப் பலப்படுத்தியதே தமிழ்நாட்டு வழக்குதான். 2011ல் ரேகா வழக்கில், சாதாரணச் சட்டம் போதும் என்ற இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘டெக்னிக்கல் பாயின்ட்ல வெளிய வந்துட்டான்’ என்று போலீஸ் தரப்பில் குறைப்பட்டுக்கொள்வார்கள். விசாரணையே இல்லாமல் ஒருவரை ஒரு வருடம் அடைக்கும்போது, அவர் கையில் இருப்பது அந்தக் காகிதங்கள் மட்டும்தான். அவற்றில் ஒரு பக்கம் படிக்க முடியாவிட்டால் அது சின்ன விஷயம் அல்ல.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் மனு வரிசையில் நிற்கிறது. யூடியூபர் சவுக்கு சங்கரைக் கோவை சைபர் க்ரைம் போலீஸ் 2024 மே 4 அன்று தேனியில் கைது செய்து கோவை மத்திய சிறையில் அடைத்தது. மே 12 அன்று சென்னை காவல் ஆணையர் குண்டர் சட்ட உத்தரவு பிறப்பித்தார். தாயின் ஆட்கொணர்வு மனு மே 24 அன்றே விசாரணைக்கு வந்தும், இரு நீதிபதிகள் மாறுபட்டதால் மூன்றாவது நீதிபதிக்குப் போய், அங்கிருந்து வழக்கமான அமர்வுக்குத் திரும்பியது. உச்ச நீதிமன்றம் ஜூலை 18 அன்று இடைக்கால நிவாரணம் தந்தது. ஆகஸ்ட் 9 அன்று உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. எண்ணினால் 89 நாட்கள். சில நாட்களில் தேனி மாவட்ட ஆட்சியரின் இரண்டாவது குண்டர் சட்ட உத்தரவு வந்தது. அதைத் திரும்பப் பெறுவதாக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது செப்டம்பர் 25 அன்று. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்குக்கு இந்தக் கதி. அவிநாசியிலிருந்து போன பெயர் தெரியாத ஒருவருக்கு அவசரமாக விசாரிக்கச் சொல்லி முறையிட யார் இருக்கிறார்கள்? ரத்தானாலும் மனு அத்துடன் முடிந்துவிடும். உள்ளே போன மாதங்களுக்குக் கணக்குக் கேட்பது தனி வழக்கு.

‘எங்ககிட்ட இல்ல’ என்று சொன்னால்

சென்னிமலைக்காரரான சூழலியல் செயல்பாட்டாளர் முகிலன், 2019 பிப்ரவரி 15 அன்று சென்னையில் தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய காணொலியை வெளியிட்டார். அன்றிரவு எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயிலில் கிளம்பியவரைக் காணவில்லை. மனித உரிமை வழக்கறிஞர் ஹென்றி திபேன் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஜூலை 6 அன்று திருப்பதி ரயில் நிலையத்தில் அவர் கிடைத்தார். பிறகு வேறொரு வழக்கில் கைதானார். ஆள் கிடைத்துவிட்டதால் ஆட்கொணர்வு மனுவுக்கு வேலை இல்லாமல் போனது. இடையில் 141 நாட்கள்.

கேரளத்தின் ராஜன் வழக்கில் அந்த அளவுகூட நடக்கவில்லை. கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் கொண்டுபோனது. நெருக்கடி நிலைக் காலம். அந்த ஏப்ரலில்தான் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போடவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி ஹெச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அந்தத் தீர்ப்பைத் தவறு என்று 2017ல் உச்ச நீதிமன்றமே ஒதுக்கித்தள்ளியது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி 1978லேயே அரசமைப்பு திருத்தப்பட்டுவிட்டது. ராஜனின் தந்தை ஈச்சர வாரியர், நெருக்கடி நிலை விலகிய சில நாட்களிலேயே, 1977 மார்ச்சில் மனுவோடு கேரள உயர் நீதிமன்றத்தில் நின்றார். எங்கள் காவலில் இல்லவே இல்லை என்றது அரசு. கல்லூரி முதல்வர் தந்தைக்கு எழுதிய கடிதமும், முகாமில் பார்த்தவர்களின் சாட்சியமும் அதைப் பொய் என்று காட்டின. முதல்வர் கருணாகரன் ஏப்ரலில் பதவி விலகினார். போலீஸ் அதிகாரிகள் மீதான குற்ற வழக்கு பின்னர் கோவையில் நடந்தது. ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

கல்லூரி முதல்வரின் அந்தக் கடிதம் மாதிரி ஒரு காகிதம்தான் இன்றும் இந்த மனுக்களைத் தாங்கி நிற்கிறது. ஆளைக் கூட்டிப்போன தேதி, நேரம், வண்டி எண், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, பார்த்தது யார் யார் என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்க வேண்டும். எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்பி நகலை வைத்துக்கொள்ள வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது தடையாக வேண்டியதில்லை. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பெண்ணே உதவி கேட்க நினைத்தால் 181.